தொடவிட்டுப் பழக்கிய நாய்

"ஆரம்பிக்க மொத்தமா எவ்வளவு ஆகும் அண்ணாச்சி?"

முதல் நாயோடு நாய்க் கண்காட்சிக்குக் கிளம்புகிற எல்லோரும் என்னிடம் இதைத்தான் முதலில் கேட்கிறீர்கள். போன வாரம் குமாரலிங்கபுரத்திலிருந்து ஒரு தங்கை போனில் கேட்டது. மூன்று மாதச் சிப்பிப்பாறைக் குட்டி ஒன்று அதன் வீட்டுக்கு வந்திருக்கிறது. "அது நிக்கிற நிப்பப் பாருங்க" என்று பதினேழு படம் அனுப்பியிருந்தது. பதினாறில் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. பதினேழாவதில் கொட்டாவி விட்டது.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. மனசு இன்னும் நாயோடு ஓடிக்காட்டுகிற கண்காட்சி ரிங்கை விட்டு வெளியே வரவில்லை, முழங்கால் வந்துவிட்டது. நாயின் நடைக்கு ஈடாக ஓட முடியாத ஆள் வாரைப் பிடிக்கக் கூடாது என்று பல பேருக்குச் சொன்னவன் நான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அதை எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டி வந்தது. இப்போது அருப்புக்கோட்டையில் என் மளிகைக் கடையில், மல்லி மூட்டைக்கும் வத்தல் மூட்டைக்கும் நடுவே உட்கார்ந்து உங்கள் போனுக்குப் பதில் சொல்கிறேன். கடையில் யாராவது "ஓடு" என்றால்கூடக் கால் ஒரு நொடி துடிக்கிறது.

கேட்ட கேள்விக்கு முதலில் பதில். நாயைப் பதிவு செய்யச் செலவு. அதன் தோளில் அரிசி மணி அளவுக்கு ஓர் அடையாளச் சிப் வைக்கச் செலவு. ஊசிகள். நாய் நின்று திரும்புகிற அளவுக்கு ஒரு கூண்டு. அந்தக் கூண்டு உங்கள் காரில் ஏறாது என்பது வாங்கிய பிறகுதான் தெரியும். அதனால் வாடகை வேன். ஒவ்வொரு ஊருக்கும் நுழைவுக் கட்டணம். நாயைச் சேர்க்கிற லாட்ஜ் எப்போதும் மனிதர்கள் சேராத லாட்ஜாக இருக்கும்; அதற்கும் வாடகை உண்டு. முட்டை, கறி, வைத்தியம். மெல்லிய வார் ஒன்று, பார்த்தால் பூக்கட்டுகிற நூல் மாதிரி இருக்கும், விலை கேட்டால் உட்கார்ந்துவிடுவீர்கள். இத்தனையும் கொடுத்து ஜெயித்தால் ஒரு ரிப்பனும் ஒரு கோப்பையும் தருவார்கள். என்னிடம் முப்பது கோப்பை இருக்கிறது. ஒன்றில்கூடத் தண்ணீர் நிற்காது.

இவையெல்லாம் நம் கையிலிருந்து போகிறவை. பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிடலாம். என் முதல் நாய்க்கு வந்த பெரிய செலவை நான் கொடுக்கவில்லை. பரளச்சி கிராமத்தில் ஒரு பெண் கொடுத்தார், எதற்கென்று தெரியாமலே. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பாக்கியம் என்று பெயர். மானாவாரிக் காடு ஆறேழு ஏக்கர். மல்லியும் வத்தலும் போடுவார். அறுத்ததை என் கடைக்குக் கொண்டுவருவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், நான் அக்கா என்பேன். அவர், மளிகைக் கடைக்காரன் என்பதால், என்னை அண்ணாச்சி என்பார். அவர் வீட்டில் தலைமுறையாகச் சிப்பிப்பாறை இருந்தது. ஒருமுறை மல்லி லோடோடு தாய் நாயும் வண்டியில் வந்தது. இறங்கி என் கடை வாசலில் நின்றது. அவ்வளவுதான். ஒரு கோடு வரைந்து, அந்தக் கோட்டுக்கு உயிர் கொடுத்த மாதிரி. அன்றைக்கு நான் எத்தனை பேருக்குத் தப்பாகச் சில்லறை கொடுத்தேன் என்று எனக்குத் தெரியாது.

"ஒரு குட்டி வேணும்க்கா. வெலையச் சொல்லுங்க."

"நாயிக்கு யாராச்சும் வெல சொல்லுவாகளா அண்ணாச்சி? வாரத்துக்கு எடுத்துக்கங்க."

எங்கள் பக்கம் ஆடு மாட்டை வாரத்துக்கு விடுவது உண்டு. வளர்ப்பவர் ஒருவர், உடையவர் ஒருவர். பலனில் இருவருக்கும் பங்கு. நாய்க்கும் அதே பேச்சைப் பேசினார் பாக்கியம். பெட்டைக்குட்டி என்னிடம் வளரும். ஈன்றால் இரண்டு குட்டி அவருக்கு. அப்புறம் தை, மாசி இரண்டு மாதமும் நாய் பரளச்சிக்குப் போய்விட வேண்டும். அது அறுப்புக் காலம். வீட்டு ஆள் மொத்தமும் பகல் முழுக்கக் காட்டில் கிடக்கும். தொழுவத்தில் ஆடு தனியாக நிற்கும். நாய்தான் ஆள்.

குட்டிக்குச் சீரகம் என்று பெயர் வைத்தேன். நிறம் அப்படி, தவிர, மளிகைக்காரனுக்கு வேறு என்ன தோன்றும்?

எப்படி வளர்க்க வேண்டும் என்றும் பாக்கியமே சொல்லிக்கொடுத்தார். அந்தப் பக்கத்து முறை அது: வீட்டுக்கு வருகிற வேற்று ஆளைக் கூப்பிட்டு, குட்டியின் மூக்கில் விரலால் ஒரு சுண்டு சுண்டச் சொல்வார்கள். வலிக்காது, ஆனால் மறக்காது. அந்நியக் கை என்றால் சுண்டுகிற கை என்று குட்டிக்குப் பதிந்துபோகும். பிறகு ஆயுசுக்கும் வேற்று ஆள் அதைத் தொட முடியாது. நான் அதைக் குறைவில்லாமல் செய்தேன். கடைக்கு வந்தவர்களையெல்லாம் சுண்டச் சொன்னேன். ஒரு வயதில் சீரகத்தின் பக்கத்தில் கை நீட்ட நான்கு பேரால்தான் முடியும்: நான், என் மனைவி ராஜேஸ்வரி, பாக்கியம், பாக்கியத்தின் தம்பி மாரிச்சாமி. முதல் வருட அறுப்பில் சீரகத்துக்குச் சோறு வைத்தது அந்த மாரிச்சாமிதான். "நாலே பேரு" என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

அந்தப் பெருமையோடு அவளை முதல் கண்காட்சிக்குக் கூட்டிப்போனேன்.

நடுவர் வடக்கேயிருந்து வந்தவர். வெள்ளைச் சட்டை, மென்மையான மனிதர். வரிசையாக வந்து ஒவ்வொரு நாயின் உதட்டையும் தூக்கிப் பல் பார்த்தார், தோளைத் தடவினார், இடுப்பை அழுத்தினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேற்று ஆள் தொடாத நாயை, வேற்று ஆள் தொட்டுப் பார்க்கிற இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கை நீண்டுவிட்டது. சீரகம் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பல் இறங்கவில்லை, சட்டைதான் கிழிந்தது. அவர் விரலால் வாசலைக் காட்டினார். வேன் வாடகை, கூண்டு, லாட்ஜ், கட்டணம் எல்லாம் அந்த ஒரு விரலின் திசையில் நடந்து வெளியே போயின.

வாசலில் ஒரு அம்மா, கோயம்புத்தூர்ப் பக்கம். குட்டைக் கால் நாய் ஒன்றை மடியில் வைத்துத் தலைசீவிக்கொண்டிருந்தார். பெயர் கேட்கத் தோன்றவில்லை, பிறகு பார்க்கவும் இல்லை.

"உங்க நாய்க்கு ஒரு குறையும் இல்லீங்க," என்றார். "கை பழகல, அவ்வளவுதானுங்க. நூறு கை தொடோணும். ஒவ்வொரு கைக்கும் வாய்க்கு ருசியா ஒண்ணு. நூறு ஆச்சுன்னா, தொடுறவங்களுக்கு அதுவே கழுத்தை நீட்டிக் குடுக்கும் பாருங்க."

நூறு கை. அருப்புக்கோட்டை மளிகைக் கடையில் கைக்கா பஞ்சம்? பால்காரர், சிலிண்டர் போடுகிறவர், சேலைக்கடைச் சிப்பந்திகள், பேங்க்கில் வேலை பார்க்கும் மனிதர், லோடு இறக்குகிறவர்கள். முதலில் வாயில் கூடு மாட்டி, முதுகில் மட்டும் ஒரு விரல். பிறகு கூடு இல்லாமல். ஒவ்வொரு கையிலும் ஒரு நெத்திலிக் கருவாடு. ஒரு மாதத்தில் உறுமல் நின்றது. இரண்டாம் மாதம் வால் லேசாக ஆடியது. ஐந்தாம் மாதம் சீரகம் யார் வந்தாலும் நான்கு காலையும் ஊன்றி, கழுத்தை உயர்த்தி, உதட்டைத் தூக்க வசதியாக முகத்தைக் கொடுத்து நின்றாள்.

"கடைக்கு வாரவுக மல்லி வாங்க வாராகளா, நாயி பல்ல எண்ண வாராகளா?" என்பாள் ராஜேஸ்வரி. "கல்லாப்பெட்டியில கருவாட்டு நாத்தம். பேங்க்குல நோட்ட மோந்து பாக்குறான்."

மார்கழிக் கடைசியில் மதுரையில் கண்காட்சி. புல்தரையில் பனி இன்னும் இருந்தது. சீரகம் நின்றாள். ஒரு பெண் நடுவர் குனிந்து உதட்டைத் தூக்கினார். சீரகம் அவர் கண்ணைப் பார்த்தாள். தோளில் கை ஓடியது, அசையவில்லை. ஓடச் சொன்னார்கள். நாங்கள் ஓடினோம். அந்த ஓட்டத்தை எனக்கு எழுதத் தெரியாது. வார் கையில் இருந்தது, ஆனால் கனம் இல்லை. என் மூச்சும் அவள் மூச்சும் ஒரே தாளத்தில் விழுந்தன. தரை கீழே எங்கோ தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. அவள் இனத்தில் அவளே முதல் என்று சிவப்பு ரிப்பனைக் கொடுத்தார்கள். அடுத்து மாசி முதல் வாரம் கோயம்புத்தூர்; கட்டணத்தை அங்கேயே நின்று கட்டினேன். பாக்கியத்திடம் இரண்டு நாள் இரவல் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பு.

தை பிறந்து ஒரு வாரத்தில் பாக்கியம் மல்லி லோடோடு வந்தார், நாயைக் கூட்டிப்போக. மூட்டை இறக்கிய ஆள் போகிற போக்கில் சீரகத்தின் தலையைத் தடவினார். சீரகம் கழுத்தை உயர்த்திக் கொடுத்தாள். பாக்கியத்தின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"என்ன அண்ணாச்சி இது? யாரோ தொடுறாக, பேசாம நிக்கிறா?"

"அவரு தெனமும் வாரவருக்கா. பழக்கம்."

"டவுனுல கெடந்து கெட்டுப் போயிட்டாளோன்னு பாத்தேன். இவ ஆத்தா நாயும் பாம்பு கடிச்சுச் செத்துப் போச்சு. இந்த வருசம் இவளத்தான் நம்பியிருக்கேன்."

"காவலுக்குப் பொறந்தவக்கா. அதெல்லாம் ரத்தத்துல இருக்கு."

நான் சொன்னது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். நூறு கையைப் பற்றிச் சொன்னால், "வாரம் முடிஞ்சது, நாய எனக்கே குடுத்துருங்க" என்று ஒரேயடியாகத் திருப்பிக் கேட்பார் என்று பயம். ரிப்பன் வேறு கல்லாவுக்கு மேலே தொங்கியது. நாயோடு பழகுகிறவனுக்கு இப்படி ஒரு நிமிடம் வரும். நல்ல கேள்வி ஒன்று எதிரே நிற்கும், உண்மையான பதில் நாக்கு நுனியில் இருக்கும், அதை விழுங்கிவிட்டு ரத்தம், வம்சம், பரம்பரை என்று ஏதாவது பெரிய வார்த்தையைத் துப்புவோம்.

பன்னிரண்டாம் நாள் போன் வந்தது.

"அண்ணாச்சி, ஆடு பூராம் போச்சு."

பதினோரு ஆடு. நடுமத்தியானம். எல்லோரும் காட்டில் மல்லி அறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஏதோ வண்டியைக் கொண்டுவந்து ஏற்றிப் போயிருக்கிறார்கள். பங்குனியில் அந்த ஆடுகளை விற்றுத்தான் மகளின் நர்சிங் படிப்புக்கு இரண்டாம் வருடப் பணம் கட்டுவதாக இருந்தார் பாக்கியம். சீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தொழுவத்துக்குப் பக்கத்து வேப்ப மரத்தில், புது நைலான் கயிற்றில், கழுத்து இறுகாமல் பக்குவமாகக் கட்டிப் போட்டிருந்தார்கள்.

"தெரிஞ்ச கைதான் கட்டிருக்கு," என்றார் பாக்கியம். அதற்குப் பிறகு போனில் அழுகைதான்.

மறுநாள் காலை நான் பரளச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது ரேஷன் கடைக்கு முன்னால் ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே மாரிச்சாமி நின்றான், தனியாக. யாரும் அவனை இரண்டு முழத்துக்குள் நெருங்கவில்லை.

கணக்கு எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. சீரகத்தைத் தொடக்கூடியவர்கள் நான்கு பேர். நானும் என் மனைவியும் அருப்புக்கோட்டையில். பாக்கியம் காட்டில். மிச்சம் மாரிச்சாமி. காட்டுப் பங்கில் அக்காளுக்கும் தம்பிக்கும் ஆறு மாதமாக மனத்தாங்கல் வேறு. போதாக்குறைக்கு அன்று மத்தியானம் அவன் எங்கே இருந்தான் என்று சொல்ல ஆள் இல்லை; தலைவலி என்று வீட்டில் படுத்திருந்தானாம். பாக்கியம்தான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அம்மா அவன் பிறந்த வருடமே போய்விட்டாள். இப்போது அவர் அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு ஏட்டிடம் சொன்னார்:

"நான் யார் பேரையும் சொல்லலய்யா. நாயி யாரைத் தொடவிடுமோ அவுக எடுத்துருக்காக."

சீரகம் அவர் காலடியில் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் கையை நக்கினாள்.

அங்கே நான் அரை மணி நேரம் பேசாமல் நின்றேன். இதை மறைக்காமல் சொல்கிறேன். கோயம்புத்தூருக்குக் கட்டிய பணம் ஞாபகத்துக்கு வந்தது. சீரகம் குட்டி போட்டால் எனக்கொன்று என்று சொல்லிவைத்திருந்த ஆட்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வெட்கம். என் சீரகம் யாரோ ஒரு களவாணிக்குக் கழுத்தை உயர்த்திக் கொடுத்திருப்பாள், மதுரையில் நின்ற அதே நிற்பில் நின்றிருப்பாள் என்று வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. யாரோ ஒரு பெரியவர், "தம்பிகாரனே இப்படிச் செஞ்சா என்ன பண்றது அண்ணாச்சி?" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

"ஏன்டா மாரிச்சாமி," என்றார் ஏட்டு, "ஒன்னையத் தவிர அந்த நாயி யாரை விடுது? நீயே சொல்லு."

"என்னைய விடுந்தான். சோறு வச்சவன விடாதா?" அவன் குரல் உடைந்திருந்தது. "அதுக்காகக் களவாணின்னா நான் என்ன செய்ய?" சட்டென்று என் பக்கம் திரும்பினான். "அண்ணாச்சி, நாயி ஒங்க வீட்டுல வளருது. நீங்க சொல்லுங்க. வேத்தாளு தொட்டா விடுமா, விடாதா?"

ஐம்பது முகம் என் பக்கம் திரும்பியது. பாக்கியத்தின் முகமும்.

அந்தக் கேள்வியை அவன் கேட்காமல் இருந்திருந்தால் நான் பேசியிருப்பேனா? தெரியவில்லை. பேசியிருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது.

"விடும்," என்றேன். "யாரு தொட்டாலும் விடும். நாந்தான் பழக்கினேன்."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு. "மாரிச்சாமிய காப்பாத்தப் பாக்குறாரு அண்ணாச்சி," என்றது ஒரு குரல். "சிப்பிப்பாறை நாயி வேத்தாளை விடுமாம்ல! ஏலே, போயித் தொட்டுப் பாருலே, கை மணிக்கட்டோட வரும்." தொடச் சொன்னவர்களும் தொடவில்லை, சொல்லப்பட்டவர்களும் தொடவில்லை.

நான் ஏட்டைப் பார்த்தேன். "அய்யா, இவ ஒங்கள இதுக்கு முந்தி பாத்ததே இல்ல. நீங்க வாங்க."

"என்னையவா? யோவ், கடிச்சுச்சுன்னா கேஸு ஒம்ம மேலதான்."

"போடுங்கய்யா."

அவர் எழுந்தார். தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தார், நாய்க்குத் தொப்பி பிடிக்காதோ என்னவோ என்று. மெல்ல வந்தார். நான் வாரைக்கூடப் பிடிக்கவில்லை. சீரகம் அவரைப் பார்த்தாள். எழுந்தாள். முன்னங்கால் இரண்டும் நேர்க்கோட்டில், பின்னங்கால் இரண்டும் கொஞ்சம் பின்னே நீட்டி, வயிறு ஏறி, கழுத்து உயர்ந்து, ரேஷன் கடை வாசலின் மண்ணில் நின்றாள். அவ்வளவு அழகாக அவள் மதுரையிலும் நிற்கவில்லை.

"தலையில கை வைங்க. இப்ப ஒதட்டைத் தூக்கிப் பல்லப் பாருங்க. அந்தக் கயித்த எடுத்துக் கழுத்துல கட்டுங்க."

ஏட்டின் நாற்காலிக்குப் பக்கத்தில் கிடந்தது, களவாணிகள் அவளைக் கட்டிவிட்டுப் போன அதே நைலான் கயிறு. ஏட்டு கட்டினார். சுருக்குப் போட வசதியாக அவள் தாடையை உயர்த்திக் கொடுத்தாள். கட்டி முடித்ததும் அவர் விரல்களை மோந்து பார்த்தாள், கருவாடு எங்கே என்று.



நான் எல்லாவற்றையும் சொன்னேன். நூறு கை, கருவாடு, மதுரை, கடை வாசலில் பாக்கியம் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில். ஏட்டு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "அப்ப ஊரு ஒலகத்துல யாரு வேணா எடுத்துருக்கலாம். வண்டி நம்பர் எவனாச்சும் பாத்தீகளா, அதச் சொல்லுங்க," என்று வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

மாரிச்சாமி அக்காளைப் பார்த்தான்.

"நாயி விட்டா களவாணின்னு சொன்ன. இப்ப ஏட்டய்யாவையும் விட்டுருச்சு. அவுகளையும் கேளு, ஆடு எங்கன்னு."

யாரும் சிரிக்கவில்லை. அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டான். பாக்கியம் "ஏலே மாரி" என்று ஒரு அடி எடுத்து வைத்தார். அவன் திரும்பவில்லை. அவர் அப்படியே நின்றார். பிறகு என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? பழகிட்டான்னு ஒரு வார்த்தை. நான் ஒரு ஆள வீட்டுல நிறுத்திட்டுப் போயிருப்பேனே."



தம்பிகளே, தங்கைகளே, பல்லும் நடையும் நிற்பும் எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். நான் சொல்வது வேறு. ரிங்குக்காக நாயின் ஏதோ ஒரு குணத்தைக் கழற்றி வைக்கிறோம். கழற்றுவது தப்பில்லை, நானும் பிறகு இருபது வருடம் கழற்றியிருக்கிறேன். அந்தக் குணத்தை நம்பி யாராவது எங்காவது காட்டில் குனிந்து அறுத்துக்கொண்டிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். காவலுக்கு நாயை நம்பும் அண்டை வீடோ, வாரத்துக்குக் குட்டி கொடுத்தவரோ, உங்கள் வீட்டிலேயே இருக்கும் வயசானவர்களோ, யாராக இருந்தாலும் சரி. அவர்களிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். நாயைத் திருப்பிக் கேட்பார்கள் என்றாலும் சொல்லிவிடுங்கள். குமாரலிங்கபுரத்துத் தங்கைக்கு நான் போட்டுக் கொடுத்த பட்டியலில் சிப்புக்கும் கூண்டுக்கும் மேலே இதைத்தான் எழுதியிருக்கிறேன்.

சீரகத்தைப் பாக்கியம் வைத்துக்கொள்ளவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. "இவ மேல குத்தமில்ல. ஆனா இவளப் பாத்தா எனக்குத் தொழுவம்தான் கண்ணுல நிக்கிது" என்றார். கோயம்புத்தூருக்கு அந்த வருடம் நாங்கள் போகவில்லை. ஆடுகள் கடைசிவரை கிடைக்கவில்லை.

பணமாகக் கொடுக்கிறேன் என்றேன். "காசா வந்தா வேற செலவு வந்துரும் அண்ணாச்சி, ஆடா குடுங்க," என்றார். மல்லாங்கிணறு பக்கம் ஒருவரிடம் பதினோரு ஆடு பார்த்துப் பிடித்து, ஒரு வாரம் கழித்து வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். கண்காட்சிக்குப் போன அதே வாடகை வேன்தான், கூண்டைக் கழற்றிவிட்டு.

பாக்கியம் வேனில் ஏறி ஒவ்வொரு ஆட்டையும் வாய் திறந்து பார்த்தார். இரண்டை வேன் மூலைக்கு ஒதுக்கினார்.

"இந்த ரெண்டையும் கொண்டு போயிருங்க. களவு போனதுல ரெண்டாடு பல்லு விழுந்த கெழடு. அதுக்கு எளசா ஆட்ட வாங்குனா என் மகளுக்குப் படிப்பு ஏறாது."

"வச்சுக்கங்கக்கா."

"வேணாம்னா வேணாம்."

வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்போது மாரிச்சாமி வந்தான். யாரும் கூப்பிடவில்லை. அக்காளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வேனின் பின்பலகையை இறக்கி, ஆடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கீழே விட ஆரம்பித்தான். பாக்கியம் வாயை மூடிக்கொண்டார். அவன் இறக்குவதும், அவர் தொழுவத்துக்குள் ஓட்டுவதும், நடுவில் ஒரு வார்த்தை இல்லாமல் நடந்தது. ஏழாவது ஆடு போனது. எட்டாவது போனது. ஒன்பதாவது ஒரு கருப்புக் கிடாய்க்குட்டி, அவன் கையை உதறிவிட்டுத் தெருவில் ஓடியது. மாரிச்சாமி பின்னாலேயே ஓடினான். அடிபம்பைச் சுற்றி இரண்டு சுற்று. மூன்றாவதில் காலைப் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சிரைக்க, மண்ணும் புழுதியுமாகத் தொழுவத்துக்கு வந்து, அதை உள்ளே தள்ளினான். மற்ற எட்டும் வெளியே பாயத் தயாராக நின்றன.

"அக்கா, கதவச் சாத்து," என்றான்.

பாக்கியம் சாத்தினார்.